படிக்குத்தான் புள்ளி

கணக்குப் புத்தகத்தில் வேலை செய்யும் ஆட்களைப் போல ஒழுங்கான ஆட்களை நான் எங்கள் மாவட்டத்தில் கண்டதில்லை. பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு பேரும் வந்து நிற்பார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வராது. ஒருவர் வீட்டிலும் சாவு விழாது. வெற்றிலை போட மர நிழலுக்கு ஒதுங்க மாட்டார்கள், தேத்தண்ணி எங்கே என்று கேட்க மாட்டார்கள். முதல் நாள் எந்த வேகத்தில் மண்ணை வெட்டினார்களோ அதே வேகத்தில் கடைசி நாளும் வெட்டுவார்கள். இந்த அதிசயப் பிறவிகளோடு என்னுடைய முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு முழு வருடம் மாரடிக்க வேண்டி வந்தது.

நான் படுவான்கரையில், வாவி ஓரத்துக் கிராமம் ஒன்றில் முன்பள்ளி ரீச்சர். நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையை வைத்து ஒன்று முதல் பத்து வரை எண்ணக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பத்தைத் தாண்டிய பிள்ளை அடுத்த வருடம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். அதனால் பத்துக்கு மேல் எனக்கு வேலை இருந்ததில்லை. மாதம் முடிய எங்களுக்குக் கிடைப்பதைச் சம்பளம் என்று சொன்னால் உண்மையாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் கோபிப்பார்கள். கொடுப்பனவு என்றுதான் கடிதத்தில் எழுதுவார்கள்.

அந்த நிலையில்தான் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அடுத்த வருடம் முன்பள்ளி ரீச்சர்மாருக்கு நிரந்தர நியமனம் கொடுக்க விண்ணப்பம் கோரப் போகிறார்களாம். நிபந்தனை இரண்டு. விண்ணப்ப முடிவுத் திகதியில் பத்து வருட சேவை நிறைந்திருக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டும். முதலாவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. வருடம் தன் பாட்டில் நிறையும், அதற்கு நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இரண்டாவதுதான் தலையில் விழுந்தது. கிடைத்தால் நானும் மாதச் சம்பளக்காரி. கிடைக்காவிட்டால் இடுப்பு ஒடியும் வரை புளியங்கொட்டையும் கொடுப்பனவும்தான்.

பதினாறு வயதில் நான் கணிதத்தில் தவறியிருந்தேன். பிறகு இன்னொரு முறை எழுதி, அதிலும் தவறியிருந்தேன். எங்கள் பக்கத்தில் தவறிய பாடத்துக்குச் சொல்ல நல்ல நல்ல காரணங்கள் உண்டு. யுத்தம் இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது, சுனாமி இருக்கிறது. ஒருவர் முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டு "சுனாமி" என்று சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. நான் இரண்டாம் முறை பரீட்சை எழுதித் தொலைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கடல் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணித வாத்தியார் இருந்த நாட்களை விட இல்லாத நாட்கள் அதிகம் என்று ஒரு காரணம் சொல்லலாம். உண்மையைச் சொன்னால், அவர் இருந்த நாட்களிலும் நான் வகுப்பில் இல்லை. உடம்பு மட்டும் இருந்தது.

ஆக, பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போய் ரியூசன் வகுப்பில் சேர்ந்தேன். கணிதம் படிப்பிக்கிறவரின் படம் சந்திக்குச் சந்தி பனரில் இருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் எதிரியை முறைத்துக்கொண்டு நின்றார். வயது முப்பது இருக்கும். தகரக் கொட்டகைக்குள் நூறு பிள்ளைகள், அவருக்கு ஒரு மைக், எங்களுக்குப் பின்வரிசை வாங்குப் பக்கம் ஒரு காற்றாடி. அது எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சுற்றியது. பிள்ளைகள் என்னை அன்ரி என்றார்கள். அவர் என்னை அக்கா என்றார். நான் அவரைச் சேர் என்றேன். அந்தக் கொட்டகையில் என் வயதுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான், ஏனென்றால் பிழை விட்டால் எல்லாருக்கும் ஒரே ஏச்சு.

அவருடைய உபதேசம் முதல் நாளே தொடங்கியது.

"விடையப் பத்தி யோசிக்காதீங்க. விடை பிழைச்சாலும் பரவாயில்ல. படியை எழுதுங்க. படிக்குத்தான் புள்ளி. விளங்கிச்சா?"

"ஓம் சேர்" என்று நூறு பேரும் கத்தினார்கள். நானும் கத்தினேன்.

கேள்வி ஒன்றுக்கு ஐந்து புள்ளி என்றால் விடைக்கு ஒன்று, படிகளுக்கு நாலு. ஆகவே விடையைத் தெருவில் விட்டுவிட்டுப் படியை மட்டும் கட்டிப்பிடிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் கேள்வியை வாசிப்பதையே விட்டுவிட்டார்கள். கேள்வியில் 'பேர்' என்றும் 'நாள்' என்றும் கண்டால் போதும், நூறு பேனைகள் ஒரே நேரத்தில் 'வேலையின் அளவு =' என்று எழுதும். ஒருநாள் சேர் அவர்களைச் சோதிக்கிறேன் என்று, மூன்று பேர் இரண்டு நாள் பயணம் போன தூரத்தைக் கேட்டார். பாதி வகுப்பு 'வேலையின் அளவு' என்று எழுதியிருந்தது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். யார் பழக்கிய பழக்கம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை போலும்.

என் சிக்கல் வேறு. எனக்குக் கேள்வியை வாசிக்கும் வியாதி இருந்தது.

வீட்டில் பின்னேரம் கணக்குக் கொப்பியை விரித்துக்கொண்டு இருப்பேன். என் கணவர் வாவியில் தோணி வைத்துத் தொழில் செய்கிறவர். இறால், செல்வன், பனையான் என்று எது பட்டாலும் கொண்டு வருவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், ஆனால் எதையும் மனதுக்குள்ளேயே கணக்குப் பார்த்துச் சொல்லிவிடுவார். எப்படி வந்தது என்று கேட்டால், "வந்திச்சு" என்பார். படி கிடையாது. அவருக்கு எங்கள் சேரிடம் ஒரு புள்ளிதான் கிடைத்திருக்கும்.

ஒருநாள் பின்னக் கணக்கு. ஒருவர் தன் காணியில் மூன்றில் ஒரு பங்கில் நெல் செய்கிறார். மீதியின் நாலில் ஒரு பங்கில் கச்சான் கடலை நடுகிறார். எஞ்சியது முழுக் காணியின் என்ன பின்னம்? நான் சத்தம் போட்டுப் படி படியாகப் போனேன்.

"முழுக் காணி ஒண்டு. நெல்லு மூண்டில ஒண்டு. அப்ப மீதி மூண்டில ரெண்டு."

"ம்" என்றார் கணவர், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே.

"கச்சான், மீதியில நாலில ஒண்டு. மூண்டில ரெண்ட நாலில ஒண்டால பெருக்கினா பன்னிரண்டில ரெண்டு. சுருக்கினா ஆறில ஒண்டு."

இந்த இடத்தில்தான் எல்லாரும் விழுவார்கள். 'மீதியின்' என்ற சொல்லைத் தாண்டிக் குதித்து, முழுக் காணியின் நாலில் ஒன்றை எடுத்துவிடுவார்கள். நான் விழவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"மூண்டில ரெண்டு எண்டா ஆறில நாலு. அதில ஆறில ஒண்டு போக ஆறில மூண்டு. சுருக்கினா அரைவாசி."

"அரைவாசிக் காணிய என்ன செய்யிறான்?"

"அது கேள்வியில இல்ல."

"அரைவாசிக் காணிய சும்மா போட்டிருக்கானா? மாடு கட்டியிருக்கானா? விசரனா அவன்?"

நான் படிகளைச் சரியாகப் போட்டு விடையையும் சரியாக எடுத்த முதல் கணக்கு அது. அதைக் கொண்டாட விடாமல் இந்த மனிதர் அரைவாசிக் காணியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு வலை பொத்தினார். எனக்கு எரிச்சலாக வந்தது. அதைவிட எரிச்சல், அன்று முழுக்க எனக்கும் அந்தக் காணி ஞாபகமாகவே இருந்தது.

அடுத்தது மனித நாள். பன்னிரண்டு பேர் ஒரு வாய்க்காலை ஐந்து நாளில் வெட்டி முடிப்பார்கள். இரண்டு நாள் வேலை செய்த பின் மூன்று பேர் விலகிவிட்டார்கள். மீதி வேலையை முடிக்க இன்னும் எத்தனை நாள் எடுக்கும்?

பன்னிரண்டை ஐந்தால் பெருக்க, வேலையின் அளவு அறுபது மனித நாள். முடிந்த வேலை பன்னிரண்டு தர இரண்டு, இருபத்து நாலு. மிச்சம் முப்பத்தாறு. இப்போது ஆட்கள் ஒன்பது பேர். முப்பத்தாறை ஒன்பதால் வகுக்க நாலு. நாலு நாள். இதற்கு மேல் அழகான கணக்கு உலகத்தில் இல்லை.

"மூண்டு பேரும் ஏன் போனாங்க?" என்று கேட்டார் கணவர்.

"அது தேவையில்ல."

"என்னகா தேவையில்ல? மூண்டு பேர் வேலையப் போட்டுட்டுப் போறதெண்டா ஏதோ பிரச்சின. அது என்னெண்டு தெரியாம மத்த ஒம்பது பேரும் நாலு நாளைக்கு நிப்பாங்க எண்டு எப்பிடிச் சொல்லுவ?"

நான் கொப்பியை மூடிவிட்டேன்.

அந்த மாரியில் மழை அடித்து ஊற்றியது. வாவி ஏறியது. வயல் வட்டையில் நெல் தண்ணீருக்கு அடியில் போனது. எங்கள் முன்பள்ளிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். புளியங்கொட்டை டப்பாக்கள் மிதந்தன. இப்படி வந்தால் எங்கள் பக்கத்தில் முகத்துவாரம் வெட்ட வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் மூடிக் கிடக்கும் மணல் திட்டை வெட்டி, வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது. வயற்காரர்கள் நேற்றே வெட்டியிருக்க வேண்டும் என்பார்கள். வாவியில் தொழில் செய்கிறவர்கள் வெட்டவே கூடாது என்பார்கள், ஏனென்றால் தண்ணீரோடு இறாலும் கடலுக்குப் போய்விடும். இரண்டு பேரும் சண்டை பிடித்து முடிய, ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குக் கடிதம் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போய், கடைசியில் அனுமதி வரும். அங்கேயும் படிமுறைதான், புள்ளி மட்டும் யாருக்கும் இல்லை. அதற்குள் தண்ணீர் முன்பள்ளியின் கரும்பலகையை எட்டிவிட்டது.

மற்ற வருடங்களில் மண் தோண்டும் பெக்கோ மெஷின் வரும். அந்த வருடம் ரோடு தண்ணீருக்குள் கிடந்ததால் மெஷின் வர வழியில்லை. மண்வெட்டியோடு ஆட்கள் போனார்கள். இறால் போய்விடும் என்று வாய் கிழியப் பேசிய என் கணவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் பார்க்கப் போனேன்.

அங்கேதான் நான் என் கணக்குக்கு ஆப்பு வைத்துக்கொண்டேன். கடல் பக்கம் இருந்து வாவிப் பக்கமாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு ஆள் தாண்டக்கூடிய அகலம்தான். ஆழமும் பெரிதாக இல்லை. வாவிக் கரையில் கடைசியாக ஒரு மண் கட்டை மட்டும் விட்டு வைத்தார்கள். அதை மூன்று பேர் நின்று உடைத்துவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். மற்றவர்கள் ஏற்கனவே மேலே ஏறியிருந்தார்கள். தண்ணீர் முதலில் கூச்சப்பட்ட மாதிரி மெல்லப் போனது. பிறகு இரண்டு பக்கமும் மணலை அரித்துக்கொண்டு ஓடியது. மதியத்துக்குள் அந்த வாய்க்கால் எங்கள் ஊர்த் தெருவை விட அகலமாகிவிட்டது. யாரும் அதற்கு மேல் ஒரு மண்வெட்டி போடவில்லை. எல்லாரும் கரையில் நின்று வெற்றிலை போட்டார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அடுத்த கிழமை ரியூசனில் பரீட்சை வைத்தார்கள். ஏழாவது கேள்வி என்னைப் பார்த்துச் சிரித்தது. அதே பன்னிரண்டு பேர், அதே ஐந்து நாள். ஆனால் இந்த முறை சேர் ஊர் நடப்புக்குப் பொருத்தமாகப் போடுகிறேன் என்று, முகத்துவாரத்தில் வாய்க்கால் வெட்டுவதாக எழுதியிருந்தார். இரண்டு நாளின் பின் மூன்று பேர் விலகினர். மீதி வேலைக்கு எத்தனை நாள்?

முப்பத்தாறை ஒன்பதால் வகுக்க நாலு என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வேறு எழுதினேன். முதல் இரண்டு நாளில் வெட்டியதே போதும் என்று எழுதினேன். கடைசி மண் கட்டை உடைத்தால் மீதியைத் தண்ணீர் வெட்டும் என்று எழுதினேன். ஒன்பது பேரும் உடனடியாகக் கரைக்கு ஏற வேண்டும், இல்லாவிட்டால் கடலுக்குப் போய்விடுவார்கள் என்றும் எழுதி, அடிக்கோடு போட்டேன். எழுதும்போது எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

சேர் அதை மைக்கில் வாசித்தார். வாசிக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் வாங்கில் அடித்துச் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்துப் பேனையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அக்கா, தண்ணிக்கு எத்தின மனித நாள்?"

"சேர், அங்க வந்து பாருங்க. நாலு நாளெல்லாம் எடுக்கிறேல்ல. வெட்டினா அண்டைக்கே—"

"அக்கா, நான் அங்க வந்து பாக்கிறதா? பேப்பர் திருத்துறவர் அங்க வந்து பாப்பாரா? உங்களுக்குப் பாஸ் வேணுமா, வேணாமா?"

பூச்சியம். ஐந்துக்குப் பூச்சியம். படி இல்லை, ஆகவே புள்ளி இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தது. அவர் மேல் கோபம், சிரித்த பிள்ளைகள் மேல் கோபம். பாலத்தில் வரும்போது கீழே வாவி வடிந்து கிடந்தது. நான் சொன்னதுதான் சரி என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அவர் கேட்ட கேள்வியும் சரிதான். எனக்குப் பாஸ் வேண்டும். வாவி எனக்கு நியமனக் கடிதம் தரப்போவதில்லை.

அன்றைக்கு நான் திருந்தினேன். திருந்தினேன் என்றால், கேள்வியில் உள்ள மனிதர்களைப் பற்றி யோசிப்பதை அடியோடு நிறுத்தினேன். காணியின் அரைவாசி சும்மா கிடந்தால் கிடக்கட்டும். மூன்று பேர் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். தொட்டியில் ஒரு குழாயால் தண்ணீர் வர, அதே நேரம் இன்னொரு குழாயால் போக விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் மூளை கெட்ட வீட்டுக்காரரைக் கூட நான் ஒன்றும் கேட்கவில்லை. தரப்பட்டது, எனவே, ஆகவே. தரப்பட்டது, எனவே, ஆகவே. பழைய வினாத்தாள்களை அடுக்கி வைத்து எழுதினேன். சோறு வடிக்கும்போதும் வாய் முணுமுணுத்தது.

ஒரு கட்டத்தில் அது பித்தாகவே போய்விட்டது. பிழையான கணக்கைக் கண்டால் வாய் நிற்காது. பக்கத்துத் தெருவில் ஒரு சாவீடு நடந்து, முப்பத்தோராம் நாளுக்கு அறிவித்தல் அடித்துக் கொண்டு வந்தார்கள். நான் திகதியைப் பார்த்தேன், மனதுக்குள் கழித்தேன், அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

"அக்கா, இதில பிழை இருக்கு. அண்டைக்கு முப்பது நாள்தான் ஆகுது. முப்பத்தொண்டு ஆகேல்ல."

அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எங்கட அப்பா செத்த நாளும் ஒரு நாள்தான், ரீச்சர். அத விட்டுட்டா எண்ணுவாங்க?" என்றாள்.

அன்று நான் வாயைப் பொத்திக்கொண்டு வந்திருக்க வேண்டும். பொத்திக்கொண்டும் வந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு, கழித்தல் முறைப்படி நான்தான் சரி என்றே இருந்தது. இப்படி ஒரு ஆளாக ஆகியிருந்தேன்.

பரீட்சை நாளில் வாசலில் நின்ற அலுவலர் என்னைப் பார்த்து, "பெற்றோர் எல்லாம் வெளியில நில்லுங்க" என்றார். அனுமதி அட்டையைக் காட்டினேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே என் முன்னால் இருந்த பிள்ளைக்கு என் மூத்த மாணவர்களை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நான் புளியங்கொட்டை எண்ணப் பழக்கிய முதல் கூட்டம் இன்னும் கொஞ்ச வருடத்தில் இதே வாங்குக்கு வந்துவிடும். வினாத்தாளில் மதில் கட்டும் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நடுவில் விலகினார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. படி படியாக எழுதினேன், கீழே இரண்டு கோடு போட்டேன், அடுத்ததற்குப் போனேன்.

சித்தி. சும்மா சித்தி அல்ல, திறமைச் சித்தி. கணவர் அன்று பிடித்த இறாலை விற்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்தார். சேர் போன் எடுத்துப் பாராட்டினார், கையோடு ஒரு படம் கேட்டார். இரண்டு கிழமையில் நானும் பனரில் ஏறினேன். கைகளைக் கட்டிய சேருக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள், 'நாற்பதை நெருங்கியும் சாதித்த தாய்' என்று எழுதி. எனக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்ல அவருக்குப் போன் எடுத்தேன், அவர் தூக்கவில்லை.

பிறகு விண்ணப்பம் கோரினார்கள். நான் எல்லாப் பத்திரங்களையும் அடுக்கிக்கொண்டு நேர்முகத்துக்குப் போனேன். கந்தோரில் பத்திரம் சரி பார்க்கிற கிளாக்கர் ஐம்பது கடந்த, நல்ல மனிதர். என் கணிதச் சான்றிதழைப் பார்த்து, "இந்த வயசில எழுதி எடுத்திருக்கீங்க, பெரிய விசயம் ரீச்சர்" என்றார். நான் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சேவைக் காலத்தைக் கணிக்க ஒரு படிவம். மேலே விண்ணப்ப முடிவுத் திகதி, அதன் கீழே நான் முன்பள்ளியில் சேர்ந்த திகதி. வருடம், மாதம், நாள் என்று மூன்று நிரல். முடிவுத் திகதி நாலாம் மாதம் பத்து. நான் சேர்ந்தது நாலாம் மாதம் இருபத்தைந்து. அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கழித்தார்.

"பத்தில இருபத்தஞ்சு போகாது. மாசத்தில ஒண்டு எடுத்தா முப்பது. முப்பதும் பத்தும் நாப்பது. நாப்பதில இருபத்தஞ்சு போகப் பதினைஞ்சு." பதினைந்து என்று எழுதினார். "மாசம், நாலில நாலு போகப் பூச்சியம்." எழுதினார். "வருசம் பத்து. பத்து வருசமும் பதினைஞ்சு நாளும். ஓகே ரீச்சர்."

"சேர், பிழை" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாசத்தில ஒண்டு எடுத்தீங்க. எடுத்தத குறைக்க மறந்திட்டீங்க. நாலு இப்ப நாலில்ல சேர், மூண்டு."

"எங்க?"

"தாங்க, நான் காட்டுறன்."

அவர் கையிலிருந்த பேனையை நான் வாங்கினேன். அவர் தரவில்லை, நான்தான் வாங்கினேன். நாலை வெட்டி மேலே மூன்று என்று எழுதினேன். "மூண்டில நாலு போகாது" என்று சொன்னேன். சொல்லும்போதே வருட நிரலில் இருந்த பத்து கண்ணில் பட்டது. ஆனால் ஒரு வருடம் பழக்கிய கை, அது நிற்கவில்லை. "வருசத்தில ஒண்டு எடுத்தாப் பன்னிரண்டு மாசம். பன்னிரண்டும் மூண்டும் பதினைஞ்சு. பதினைஞ்சில நாலு போகப் பதினொண்டு." பதினொன்று என்று எழுதினேன். வருட நிரலில் ஒன்றைக் குறைத்து, ஒன்பது என்று எழுதினேன். கீழே இரண்டு கோடும் போட்டேன்.

ஒன்பது வருடம், பதினொரு மாதம், பதினைந்து நாள்.

கிளாக்கர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு நிரலாகத் தொட்டார். பக்கத்து மேசையில் இருந்த மேலதிகாரியும் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார் மேலதிகாரி.

"பதினைஞ்சு நாள் குறையுது" என்றார் கிளாக்கர். பிறகு குரலைத் தணித்து, "ரீச்சர், நான் பத்து எண்டுதானே போட்டன்" என்றார்.

வேறு படிவம் தரச் சொல்லிக் கேட்டேன். படிவங்கள் இலக்கமிட்டவை, ஆளுக்கு ஒன்று. அவர் பென்சிலாலா எழுதினார், நான் பென்சிலாலா வெட்டினேன்? எல்லாம் பேனை. மேலதிகாரி பார்த்துவிட்டார், இனி அந்தத் தாளைக் கடவுளும் மாற்ற முடியாது. அடுத்த முறை எப்போது விண்ணப்பம் கோருவீர்கள் என்று கேட்டேன். அது மேலே தீர்மானிப்பது, இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் மேலதிகாரி. கிளாக்கர் என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக அடுக்கி, கிளிப் போட்டு, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். அந்த மனிதர் என்னைவிடக் கவலைப்பட்ட மாதிரி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். யார் மேல் பிழை என்று அவர் கேட்பார், ஏசுவார், கந்தோருக்குப் போவோம் என்று சேட்டை உடம்பில் கொழுவிக்கொண்டு கிளம்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோணியிலிருந்து இறங்கிய ஈரத்தோடு அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவர் பத்து வருசம் எண்டு போட்டிருந்தாரா?"

"ஓம்."

"நீ ஒம்பதாக்கினியா?"

"ஓம்."

அவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். பிறகு, "இஞ்ச, நீ போட்டதில ஏதும் பிழை இருக்குமா? இன்னொருக்காப் பாரன்" என்றார். பிழை இருந்துவிட்டால் போதும் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவர் குரல்.

கொப்பியை எடுத்து மூன்று நிரல் கீறினேன். நாள், மாதம், வருடம். ஒவ்வொரு படியாகப் போட்டேன். அவர் என் தோளுக்கு மேலால் குனிந்து, ஒரு படியையும் விடாமல் பார்த்தார். பதினைந்து. பதினொன்று. ஒன்பது.

"சரிதான்" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.